ஜெபிக்க முடியாத நாட்களில் விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீராத நோய், அடைக்க முடியாத கடன், எதிர்பாராத மரணம், உடைந்த குடும்பம் என்று ஏதோ ஒன்றில் சிக்கி, "இனி என்ன நம்பிக்கை?" என்று கேட்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். வசன எண்கள் பழைய தமிழ் வேதாகமத்தின்படி தரப்பட்டுள்ளன. கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் சங்கீதங்கள் 'திருப்பாடல்கள்' என்ற தலைப்பில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், முதலில் எட்டாவது கேள்வியைப் படியுங்கள்.

1. முழங்காலில் நிற்கிறேன், வார்த்தையே வரவில்லை. என்ன செய்வது?

சொந்த வார்த்தைகளைத் தேடுவதை நிறுத்திவிட்டு, எழுதி வைத்திருப்பதைக் கடன் வாங்குங்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புலம்பல்தான். நம் சபைகளில் 23, 91, 121 ஆகியவைதான் அதிகம் வாசிக்கப்படுகின்றன என்பதால் மற்றவை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

13-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். ஆறே வசனம், சத்தமாக வாசித்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனங்கள் முறையீடு. அடுத்த இரண்டு விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை வருகிறது. அந்த மூன்று பகுதிகளையே உங்கள் ஜெபத்துக்குச் சட்டமாக வைத்துக்கொள்ளலாம். என்ன நடந்தது என்று ஒரு வாக்கியம், என்ன வேண்டும் என்று ஒரு வாக்கியம். மூன்றாவது வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். "ஸ்கேன் ரிப்போர்ட்டில் மறுபடியும் கட்டி என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. அதை எடுத்துப்போடும்." இது முழுமையான ஜெபம்.

மூன்றாவது பகுதி வரவே வராத நாட்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது விடியலோடு முடிவதில்லை. நண்பர்களையும் என்னைவிட்டு விலக்கினீர் என்று தேவனிடமே குற்றம்சாட்டி அப்படியே நின்றுவிடுகிறது. அப்படி நிற்கிற ஒரு பாட்டை வேதாகமத்துக்குள் சேர்த்து, ஆலயத்தில் பாடக் கொடுத்திருக்கிறார்கள்.

அதையும் வாசிக்க முடியாதபோது கர்த்தருடைய ஜெபம் போதும். அதுவும் முடியாவிட்டால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு படுத்திருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இந்த நிலையைப் பற்றித்தான்.

நேரத்தைச் சிறிதாக வையுங்கள். காலை ஐந்து நிமிடம், இரவு ஐந்து நிமிடம். இக்கட்டில் இருக்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு, "இன்று முதல் அதிகாலை 4 மணிக்கு எழுந்து இரண்டு மணிநேரம்" என்று பொருத்தனை பண்ணுவது. நான்காவது நாள் எழ முடியாமல் போகும். இருந்த துக்கத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும்.

2. ஆண்டவர்மேல் கோபமாக இருக்கிறது. இது பாவமில்லையா?

யோபு ஏறக்குறைய இருபது அதிகாரங்களில் வழக்காடுகிறான். அவனுடைய நண்பர்கள் அதே நேரத்தில் தேவனுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். கடைசியில் கர்த்தர், "என் தாசனாகிய யோபு பேசியதுபோல நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை" என்று கடிந்துகொள்வது அந்த நண்பர்களைத்தான் (யோபு 42:7). எரேமியா தான் பிறந்த நாளையே சபிக்கிறான். சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி.

கோபத்தை அவரிடமே சொல்லும்வரை உறவு அறுந்துபோகவில்லை. அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டு ஊரெல்லாம் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்று சொல்லித் திரிகிற நிலைதான் கவலைக்குரியது.

3. புதுவருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் நல்ல வசனம் வந்தது. வருடம் முழுக்க அடிமேல் அடி. வசனம் பொய்யா?

வசனம் பொய்யில்லை, அதைப் பயன்படுத்திய விதத்தில்தான் சிக்கல். டிசம்பர் 31 இரவு தட்டிலிருந்து எடுக்கிற அட்டையில் ஒரு வசனம், சில சமயம் அரை வசனம், மட்டுமே இருக்கும். யாருக்கு, எப்போது, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பது இருக்காது.

அதிகமாக அச்சாகிற எரேமியா 29:11-ஐயே எடுத்துக்கொள்வோம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளையே உங்கள் பேரில் நினைத்திருக்கிறேன் என்கிற வசனம். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி, "இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அறிவிக்கிறான். ஜனங்களுக்கு அது பிடித்திருந்திருக்கும். ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். எரேமியாவின் கடிதத்தில் வருவது 70 வருடக் கணக்கு (29:10). வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்புவதற்குள் இறந்துபோவார்கள் என்பது அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. அதனால்தான் 5 முதல் 7 வரை உள்ள வசனங்களில், வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று வருகிறது. ஆக, அட்டையில் உள்ள நம்பிக்கை ஒரு நீண்ட காத்திருப்பின் நடுவே, அன்றாட வேலைகளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம். அந்த வசனம் உள்ள அதிகாரத்தை முழுதாகவும், அதற்கு முந்தின அதிகாரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். அட்டைக்குப் பின்னால் மூன்று குறிப்பு எழுதுங்கள்: யார் சொன்னது, யாருக்கு, அவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள். தேதியோடு வருகிற தனிப்பட்ட தீர்க்கதரிசனங்களையும் ("மார்ச் மாதத்துக்குள் விசா வரும்") இப்படியே சோதியுங்கள். தேதி கடந்த பிறகு சொன்னவர் பொறுப்பேற்காமல் உங்கள் விசுவாசத்தைக் குறைசொன்னால், இரண்டாம் முறை அவரிடம் கேட்கப் போகாதீர்கள்.

4. சுகமாகும் என்று விசுவாசித்தால் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கூடாது. இந்த ஒரு கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்லலாம்.

யூதாவின் ராஜா எசேக்கியா மரணத்துக்கேதுவான வியாதியில் அழுது ஜெபித்தான். பதினைந்து வருடம் கூட்டித் தரப்பட்டது என்று ஏசாயா சொன்னார். அதே ஏசாயா, அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38:21). பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு அன்று வழக்கத்தில் இருந்த மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்கிறார். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவந்தேன் என்றும் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. யாக்கோபு 5:14 மூப்பரை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. மருந்தைத் தூக்கிப்போடு என்று அதில் இல்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை விட்டால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தான நிலை வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் அடுத்தடுத்து நிற்காமல் வலிப்பு வரக்கூடும். காசநோய் மருந்தைக் குறைந்தது ஆறு மாதமாவது எடுக்கவேண்டிய சிகிச்சையில் இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடும். அங்கே பலர் "சுகமானேன்" என்று சாட்சி சொல்லி நிறுத்துகிறார்கள். கிருமி சாகாமல், மருந்துக்கு மசியாததாக மாறித் திரும்ப வருகிறது. மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாள் "பலனில்லை" என்று விடுவதும், நன்றாக இருக்கிறதென்று சட்டென்று நிறுத்துவதும் இரண்டுமே தவறு.

சுகம் கிடைத்தது என்று நம்புகிறீர்களா? லூக்கா 17-ல் குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியரிடம் காண்பிக்க அனுப்பினார். சுகத்தைச் சரிபார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்று ஆசாரியரிடம் இருந்தது, இன்று மருத்துவரிடம் இருக்கிறது. பரிசோதனை செய்யுங்கள். அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று அவர் சொல்லட்டும். சாட்சியை அதன்பிறகு சொல்லலாம். உண்மையான சுகம் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பயப்படாது.

5. காரியம் நடக்கும்வரை உபவாசம் இருக்கலாமா?

உபவாசம் தேவனைக் கட்டாயப்படுத்துகிற வழியல்ல. ஏசாயா 58 அதைத்தான் கண்டிக்கிறது. ஜெபத்துக்கு நேரம் ஒதுக்க ஒரு வேளை உணவை விடுவது நல்ல பழக்கம். ஏற்கெனவே துக்கத்தில் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறவர் மூன்று நாள் உபவாசக் கூட்டத்தில் உட்காருவது நல்லதல்ல. அவருக்கு முதலில் வேண்டியது கஞ்சியும் தூக்கமும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், வலிப்பு, குடல்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் யாருக்குமே வேண்டாம். கூட்டத்தின் நடுவில் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் அது "அபிஷேகம்" என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அது சர்க்கரை தாழ்ந்துபோனதன் அறிகுறி. அளவு 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உணவை விட முடியாதவர்கள் லெந்து காலத்தில் பலர் செய்வதுபோல இறைச்சியையோ கைப்பேசியையோ விடலாம்.

6. "ஏதோ பாவம் இருக்கு, அதான் இப்படி" என்கிறார்கள். உண்மையா?

குடிப்பழக்கத்தால் ஈரல் கெடுவதுபோல, செய்கைக்கு நேரடி விளைவு உள்ள இடங்கள் உண்டு. அது உங்களுக்கே தெரியும், ஊகிக்க வேண்டியதில்லை. அப்படி எதுவும் இல்லாதபோது தோண்டித் தோண்டிக் காரணம் தேடுவதை இயேசுவே இரண்டு இடத்தில் தடுத்திருக்கிறார். பிறவிக்குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்றார் (லூக்கா 13). குழந்தை இறந்த வீட்டில் "மூதாதையர் சாபம்" என்று சொல்லி மூன்று நாள் கூட்டத்துக்கு அழைக்கிறவர்களிடம் இந்த இரண்டு பகுதிகளையும் வாசித்துக் காட்டலாம்.

7. தாங்க முடியாத பாரத்தைத் தேவன் தரமாட்டார் என்கிறார்களே. எனக்குத் தாங்கவில்லையே?

அப்படி ஒரு வசனம் கிடையாது. 1 கொரிந்தியர் 10:13 பேசுவது பாவத்தில் விழச்செய்கிற சோதனையைப் பற்றி. அதே கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் எங்களுக்குப் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். தாங்கவில்லை என்று சொல்வதற்கு அப்போஸ்தலனே கூச்சப்படவில்லை. தாங்காத பாரத்தை என்ன செய்வது என்பதற்குக் கலாத்தியர் 6:2 இருக்கிறது: ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது. அதற்கு ஆள் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்பது பத்தாவது கேள்வியில்.

8. செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. எனக்கு விசுவாசம் போய்விட்டதா?

இல்லை. ஆனால் இந்த எண்ணத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இப்போதே செய்ய வேண்டியது: பக்கத்தில் ஒருவரை வரவழையுங்கள், அல்லது நீங்கள் ஒருவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். "செத்துவிடத் தோன்றுகிறது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். "மனசு சரியில்லை" என்றால் கேட்பவருக்கு அவசரம் புரியாது. இந்தியாவில் 14416 (டெலி மானஸ்) கட்டணமில்லாத மனநல எண், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 இருக்கிறது. இலங்கையில் 1926. ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால், எதையாவது விழுங்கியிருந்தால், உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள், இலங்கையில் 1990. போலீஸ் வழக்கு ஆகும் என்ற பயத்தில் தாமதிக்க வேண்டாம். இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதுகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: பூச்சிமருந்து, எலிமருந்து, மீந்த மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். ஒளித்து வைப்பது போதாது. "சாகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது தவறான பயம். இரவில் தனியே விடாதீர்கள். பிரசங்கம் வேண்டாம். பிசாசின் ஆவி என்று அதட்டி ஜெபிப்பதும் வேண்டாம், அடுத்த முறை அவர் சொல்லாமல் இருக்கத்தான் அது உதவும். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கான பிரிவு இருக்கிறது.

1 இராஜாக்கள் 19-ஐ மெதுவாக வாசியுங்கள். எலியா ஒரு நாள் பிரயாணம் வனாந்தரத்தில் போய், ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். கர்மேலில் அக்கினி இறங்கப் பார்த்த அதே எலியா. தேவதூதன் வந்து கண்டிக்கவில்லை, தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. தின்று குடித்துவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொள்கிறான். அதற்கும் திட்டு இல்லை, இரண்டாம் முறையும் சாப்பாடுதான். கர்த்தர் பேசுவது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். பேசும்போதும் அவனுடைய புலம்பலை இரண்டு தடவை முழுதாகச் சொல்லவிட்டுக் கேட்கிறார். கூடவே இருக்க எலிசா என்ற ஆளையும் காட்டுகிறார். உணவு, உறக்கம், சொல்லிமுடிக்க இடம், துணைக்கு ஒருவர் என்கிற அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றலாம்.

தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்கள், "கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவார்களா, பரலோகம் உண்டா?" என்று கேட்கிறார்கள். 1983-ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை செய்தவர்களைச் சேர்க்கவில்லை. 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. மற்ற சபைகளில் நடைமுறை போதகருக்குப் போதகர் மாறும். ஒருவர் மறுத்தால் அவருக்கு மேலே உள்ளவரிடம் கேளுங்கள்.

9. கடன் கழுத்தை நெரிக்கிறது. "விதைக் காணிக்கை" கொடுத்தால் வழி திறக்குமா?

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே கொடுப்பது அங்கீகரிக்கப்படும் என்பது 2 கொரிந்தியர் 8:12. நூறு மடங்கு திரும்பும் என்று வங்கிக் கணக்கு எண்ணோடு சொல்கிறவர், அந்த நூறு மடங்கைத் தானே விதைத்து அறுக்கலாமே.

ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாருக்கு, அசல் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, அடமானம் என்ன. வட்டியை ஆண்டுக்கணக்காக மாற்றுங்கள். நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். ஒரு லட்சத்துக்கு வருடம் 60,000 கட்டியும் அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயை ஒட்டித்தான் வரும். நகை மிச்சமிருந்தால் அதை வைத்து முதலில் அந்த 5 ரூபாய்க் கடனை அடைப்பது பெரும்பாலும் சரியான முதல் படி. மீட்டர் வட்டி, கந்துவட்டி என்றால் தமிழ்நாட்டில் 2003 முதல் அதற்கெதிரான சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளிலோ எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.

அந்தத் தாளை நம்பகமான ஒருவரிடம் காட்டுங்கள். கடனின் பாதி வலி அதை மறைப்பதில் இருக்கிறது. மறைக்க மறைக்க, மேலும் வாங்கத்தான் தோன்றும்.

10. சபைக்குப் போகவே கஷ்டமாக இருக்கிறது. எல்லாரும் சாட்சி சொல்கிறார்கள், எனக்கு அழுகைதான் வருகிறது.

போவதை விட்டுவிடாமல், போகும் விதத்தை மாற்றுங்கள். கதவோரம் உட்காருங்கள். பாட முடியாவிட்டால் நின்றுகொண்டு மட்டும் இருங்கள். சாட்சி வேளையில் வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனால் யாரும் கேட்கப்போவதில்லை. காலை 8 மணி ஆராதனை கூட்டமாக இருந்தால், சிறிய மாலை ஆராதனைக்கோ அதிகாலைத் திருப்பலிக்கோ போங்கள். எழுதிவைத்த முறைமையின்படி நடக்கிற ஆராதனையில் ஒரு வசதி உண்டு. உங்களுக்கு எதுவும் தோன்றாத நாளிலும் சபை உங்களுக்காக விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிவிடும். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நாலுபேர் தூக்கிவந்தபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்றுதான் இருக்கிறது.

உதவி கேட்கும்போது பொதுவாகக் கேட்காதீர்கள். "ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்" என்றால் ஜெபக்குறிப்பு வாட்ஸ்அப் குழுவில் நாற்பது கைகூப்பும் படங்கள் வரும், அத்தோடு முடிந்துவிடும். "செவ்வாய்க்கிழமை கீமோவுக்குப் போகிறோம், மாலை 4 மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர முடியுமா அக்கா?" என்று ஒரு ஆளிடம், ஒரு நாளுக்கு, ஒரு வேலையைக் கேளுங்கள். வீட்டைவிட்டு வர முடியாதவர்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ சொன்னால் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருவார்கள்.

11. ஆறுதல் சொல்லப் போகும்போது என்ன சொல்வது?

முடிந்தவரை குறைவாக. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தபிறகு கெட்டது.

கால் மணிநேரம் போதும். "ரொம்ப கஷ்டமா இருக்கு, நான் இருக்கேன்" என்றால் போதும். "தேவசித்தம்", "ஆண்டவருக்கு அவ தேவைப்பட்டா", "இன்னொரு குழந்தை பிறக்கும்" ஆகிய மூன்றையும் சொல்லாதீர்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள், இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஜெபத்துக்குள் புத்திமதியை நுழைக்காதீர்கள். இட்லியோ சாம்பாரோ கொண்டுபோனால் திருப்பித்தர வேண்டாத பாத்திரத்தில் கொண்டுபோங்கள். அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் வீடு காலியாக இருக்கும். அப்போது போங்கள்.

12. கணவர் அடிக்கிறார். "சிலுவையைச் சுமந்துகொள்" என்கிறார்கள்.

அடியைச் சகிப்பது சிலுவை சுமப்பதாகாது. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பி ஓடினான். பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். இந்தியாவில் பெண்கள் உதவி எண் 181. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தந்து, வீட்டில் வசிக்கும் உரிமைக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவு கேட்கலாம். ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், கொஞ்சம் பணம் ஆகியவற்றை வேறொரு வீட்டில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். மன்னிப்பதும் அதே வீட்டுக்குத் திரும்பிப் போவதும் வெவ்வேறு காரியங்கள்.

13. விசுவாசமாக இருந்தும் கடைசிவரை சூழ்நிலை மாறாதவர்கள் உண்டா?

உண்டு, நிறைய. எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் 34-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். 35-ன் நடுவிலிருந்து தொனி மாறுகிறது: வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுக்கப்பட்டார்கள். அவர்களும் அதே விசுவாசப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். பவுல் மூன்று தரம் கேட்டும் அவருடைய மாம்சத்திலிருந்த முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான் பதில். கெத்செமனேயில் இயேசுவும் மூன்று தரம் ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை.

நம் மண்ணிலேயே, டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். அதன்பிறகு 1951-ல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது வருடம் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே கழிந்தது. பலர் ஜெபித்தும் எழுந்து நடமாடும் வாழ்க்கை திரும்பவில்லை. அந்த அறையிலிருந்து கடிதங்களும் புத்தகங்களும் எழுதிக்கொண்டிருந்தார்.

14. எதிர்காலத்துக்கென்று எதையும் செய்யத் தோன்றவில்லை.

பெரிதாக எதுவும் வேண்டாம். பாபிலோனிய சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, எரேமியா காவல் வீட்டு முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள நிலத்தைத் தன் உறவினனிடமிருந்து 17 சேக்கல் வெள்ளிக்கு, நம் கணக்கில் ஏறக்குறைய 200 கிராம், வாங்குகிறான். வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரைபோட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறான் (எரேமியா 32). பத்திரம் பத்திரமாக இருக்க வேண்டுமே. அதை முடித்தபிறகு அவனே, இது என்ன ஆண்டவரே, பட்டணம் பிடிபடப்போகிறதே என்ற தொனியில் ஜெபிக்கிறான். உணர்வு வந்தபிறகு செய்தவன் அல்ல அவன். செய்துவிட்டுச் சந்தேகத்தைச் சொன்னவன்.

உங்கள் அளவில் அது பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுவதாகவோ, அடுத்த பரிசோதனைக்கு டோக்கன் போடுவதாகவோ, ஒரு முருங்கைக் கொம்பை நட்டு வைப்பதாகவோ இருக்கலாம். வாரத்துக்கு ஒன்று போதும்.

15. எல்லாரும் ஜெபித்தும் அவர் இறந்துவிட்டார். இனி எப்படி ஜெபிப்பது?

உடனே ஜெபித்தாக வேண்டும் என்று யாரும் உங்களை நெருக்க வேண்டாம். லாசருவை எழுப்பப்போகிறேன் என்று தெரிந்தும் இயேசு கல்லறை வழியில் கண்ணீர் விட்டார். 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

"எங்கள் ஜெபம் போதவில்லையோ" என்ற கணக்கை வளர்க்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை மணிநேரம் என்று எண்ணிப் பதில் தருகிறவர் அல்ல அவர். புலம்பல் புத்தகம் எழுதியவர் எரிந்துபோன நகரத்தைப் பார்த்துக்கொண்டு, ஐந்து பாட்டில் நான்கை எபிரெய அகர வரிசையில் எழுத்து எழுத்தாகக் கட்டினார். அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்பது நடுவில், மூன்றாம் பாட்டில் வருகிறது. அதற்குப் பிறகும் இரண்டு பாட்டுகள் அழுகைதான். ஒருமுறை நம்பிக்கை வந்தபிறகு மறுபடி அழுதால் பின்வாங்கிவிட்டதாக எண்ண வேண்டாம். முதல் கிறிஸ்துமஸ், கல்யாண நாள், முதல் ஆண்டு நினைவு நாள் எல்லாம் கடினமாகத்தான் இருக்கும். அந்த நாளில் எங்கே, யாரோடு இருப்பது என்று இரண்டு வாரத்துக்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

விசுவாசமும் சந்தேகமும் ஒரே வாயில் வரலாம். மாற்கு 9:24-ல் ஒரு தகப்பன் கதறியதை இயேசு தள்ளவில்லை: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

16. பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

உண்மையை, சிறிய வாக்கியத்தில். "தாத்தா இறந்துவிட்டார், இனி அவருடைய உடம்பு மூச்சுவிடாது, வலிக்காது." சின்னப் பிள்ளைகளிடம் "தூங்குகிறார்" என்று சொன்னால் இரவில் தூங்கப் பயப்படும். "இயேசப்பா எடுத்துக்கொண்டார்" என்று மட்டும் சொன்னால், அடுத்து அம்மாவை எடுத்துக்கொள்வாரோ என்று அவர்மேலேயே பயம் வரும். ஆண்டவரிடத்தில் இருக்கிறார், நாமும் ஒருநாள் பார்ப்போம் என்று சொல்லுங்கள், இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நான் ஜெபித்தேனே, ஏன் கேட்கவில்லை?" என்றால், "எனக்கும் தெரியவில்லை கண்ணு, நானும் அதைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பது போதிய பதில். அடக்கத்துக்கு வருகிறாயா என்று கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம். வந்தால் அங்கே என்னென்ன நடக்கும் என்று முன்பே சொல்லிவையுங்கள். பக்கத்திலேயே நிற்க அழாத ஒரு பெரியவரை ஏற்பாடு செய்யுங்கள். ஒரே கேள்வியைப் பத்து தரம் கேட்பார்கள், பத்து தரமும் அதே பதிலைச் சொல்லுங்கள்.